உயிரோடு இருந்தவளுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

என் மனைவி காலமாகிவிட்டாள் என்ற செய்தி எனக்கு வந்தபோது அவள் குசினியில் நின்று கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னவர் கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் கடை வைத்திருக்கும் என் பழைய கூட்டாளி. போனை எடுத்ததும் அவர் கேட்டார்:

"அண்ணை, எப்ப நடந்தது? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ?"

"என்ன நடந்தது?"

"அக்கான்ரை விசயம்தான்..."

மனைவி கத்தியோடு திரும்பி, "ஆர் போனிலை?" என்று கேட்டாள். அந்தக் குரல் அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். "ஐயோ," என்றார். பிறகு, "வாட்ஸ்அப்பைப் பாருங்கோ அண்ணை," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பார்த்தேன். நம்மவர்கள் வழக்கமாகப் போடும் கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் பட்டுச்சேலையோடு அவள். செய்தவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது. தகப்பனின் பெயர் சரி. அவளுடைய கிராமத்தைப் பிறப்பிடமாகவும் லண்டன் ஹரோவை வதிவிடமாகவும் போட்டிருந்தது, அதுவும் சரி. இறந்த திகதி இருக்கவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். அடியில், "இறுதிக்கிரியை பற்றிய விபரம் பின்னர் அறிவிக்கப்படும்" என்று இருந்தது. எல்லா அறிவித்தலிலும் வருகிற வரிதான். உயிரோடு இருக்கிற மனுசியின் படத்துக்குக் கீழே அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு கதிரையை இழுத்து இருந்துவிட்டாள்.

இதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும். என் மனைவி எங்கள் பகுதி உள்ளூராட்சிக் கவுன்சில் தேர்தலில் நின்றாள். இருபது வருடத்துக்கு மேலாக இதே பகுதியில் மருந்துக்கடையில் வேலை செய்தவள். யாருக்கு முழங்கால் வலி, யாருக்குப் பேரப்பிள்ளை என்று எல்லாம் தெரிந்தவள். கட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது அவள் ஒரு கிழமை யோசித்தாள். நான்தான் உற்சாகமாக இருந்தேன். வீட்டில் எனக்கு எதிராக வெல்லுகிறவள் வெளியிலும் வெல்லட்டுமே என்று பகிடி விட்டேன்.

ஒரு பொது மண்டபத்தில் வேட்பாளர்களிடம் சனம் கேள்வி கேட்கும் கூட்டம் நடந்தது. படகில் கடல் கடந்து வந்து தஞ்சம் கேட்டவர்களை அரசாங்கம் தங்கவைத்திருக்கும் ஹோட்டலைப் பற்றி ஒரு ஆள் கேட்டார். மற்ற வேட்பாளர்கள் எல்லாம் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்கள். இவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, தானும் ஒரு லொறியின் பின்பக்கத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்துதான் இந்த நாட்டுக்கு வந்ததாகவும், அந்த ஹோட்டலில் இருக்கிறவர்களைப் பார்த்தால் தன்னையே பார்ப்பதுபோல இருக்கிறது என்றும் சொன்னாள். ஒரு பகுதி கை தட்டியது. நானும் தட்டினேன். அன்று எனக்கு அவளை நினைக்கப் பெருமையாக இருந்தது, இன்றும் அப்படித்தான்.

யாரோ அதைப் போனில் பிடித்து, லொறி என்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, "கள்ளமாக வந்தவள் கவுன்சிலராம்" என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு வந்தவற்றை நான் இங்கே எழுதமாட்டேன். அவளுடைய உடம்பைப் பற்றி, பொட்டைப் பற்றி, எந்தச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பலாம் என்பதைப் பற்றியெல்லாம் எழுதினார்கள். எழுதியவர்களின் முகத்துக்குப் பதிலாக ஒரு கொடியோ நாய்க்குட்டியோ இருந்தது. நாய்க்குட்டிப் படம் போட்டுக்கொண்டு ஒருவன் எங்கள் வீட்டின் முன்பக்கத்தை, எங்கள் குப்பைத் தொட்டி உட்பட, போட்டிருந்தான். பொலிஸ்காரப் பெண் ஒருத்தி வந்து அன்பாகப் பேசி, பேஸ்புக்கைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு சனிக்கிழமை தடியில் போனைப் பொருத்திக்கொண்டு ஒரு ஆள் எதிர்ப்பக்க நடைபாதையில் வந்து நின்றான். வாசலுக்கு வரவில்லை, கல் எறியவில்லை. எங்கள் யன்னலைக் காட்டிக் காட்டி நேரலையில் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த சனி மூன்று பேராக வந்தார்கள்.

மூன்று வீடு தள்ளி ஒரு யூதக் கிழவர் இருக்கிறார். எண்பது கடந்தவர், வாயில் எப்போதும் ஒரு நையாண்டி. அவர்கள் போன பிறகு அவர் வந்து எங்கள் மதிலில் கை ஊன்றி நின்றார். அவருடைய தகப்பனுக்குக் கிழக்கு லண்டனில் தையல்கடை இருந்ததாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இங்கே கறுப்புச்சட்டைக்காரர் என்று ஒரு கூட்டம் இருந்தது. நமக்குக் கறுப்புச்சட்டை என்றால் வேறு ஞாபகம் வரும். இவர்கள் யூதர்களை விரட்டவேண்டும் என்று சீருடை போட்டு அணிவகுத்த பாசிசக் கூட்டம்.

"எங்கள் கடைக் கண்ணாடியை அவர்கள் உடைக்கவே இல்லை," என்றார் கிழவர். "எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அப்பா சொல்லுவார். அடுத்த கிழமை வாடிக்கையாளர் குறைந்துவிடுவார்கள். அந்தச் சனத்துக்கு அப்பாவில் வெறுப்பு ஒன்றும் இல்லை. தொல்லை வேண்டாம் என்று ஒதுங்கினவர்கள். கடைசியில் ஒரு நல்ல மனுசன், நீண்டநாள் வாடிக்கையாளர், பின்கதவால் வந்து அந்த யூதப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடு, உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றாராம்."

"கழற்றினாரா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கழற்றினார். அந்த மனுசனுக்கு நன்றியும் சொன்னார்."

இவள் அன்று சிரித்தாள். நான் கழற்றமாட்டேன் என்று சொன்னாள். அடுத்த நாளே துண்டுப்பிரசுரத்தோடு தெருத் தெருவாகப் போனாள். வெள்ளைக்காரன் திட்டுவது அவளுக்கு மழை மாதிரி. நனையும், காயும்.

தமிழில் வரத் தொடங்கியபோதுதான் அவளுடைய முகம் மாறியது. நம்மவர்கள் அவளை நாட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. "எங்கடை மானத்தை வாங்கிப்போட்டா" என்று எழுதினார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது கோபம் தலைக்கேறியது. லண்டனில் என் வயதுத் தமிழர்கள் எத்தனையோ பேர் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, யாரோ ஒருவனுடைய பாஸ்போர்ட்டிலோ பெட்டிக்குள்ளோ வந்து இறங்கினவர்கள். அதில் வெட்கம் என்ன? உயிர் தப்பி வந்தோம். ஆனால் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவில்லை. படிக்க வந்தோம், வேலைக்கு வந்தோம் என்று ஒரு கதை. வீடு வாங்கி, பிள்ளைகள் டொக்டரும் வங்கி அதிகாரியும் ஆன பிறகு அந்தக் கதையே வரலாறாகிவிட்டது. இவள் ஒலிவாங்கியில் தன்னைப் பற்றிச் சொன்னாள். கேட்டவர்களுக்கோ தங்கள் அலுமாரியைத் திறந்து தெருவில் கொட்டியதுபோல இருந்திருக்கிறது.

ஊரில் இருந்தபோது மின்கம்பத்தில் துரோகி என்று பெயர் எழுதி ஒட்டுவார்கள். காலையில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் போவார்கள். அதிலிருந்து தப்பி வந்த அதே ஆட்களுக்கு இப்போது கம்பமும் தேவையில்லை, பசையும் தேவையில்லை. குடும்பப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி எடுத்தால் போதும். அந்தப் பட்டுச்சேலைப் படம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் எடுத்தது. மண்டபத்தில் இருந்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் அது இல்லை. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. அன்று கைகுலுக்கிய ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். நல்ல மனிதர்களைக்கூடச் சந்தேகித்தேன். அந்த அறிவித்தல் எனக்குச் செய்த கேடு அது, இன்னும் மாறவில்லை.

அறிவித்தல் வந்த அன்று பின்னேரம் வாசல் மணி அடித்தது. அவள்தான் போய்த் திறந்தாள். மோர்டனில் இருந்து மச்சாள் வந்திருந்தார். மனைவிக்குப் பெரியம்மாவின் மகள், அவளைவிட மூத்தவர். செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்று இடியப்பமும் சொதியும் சம்பலும் கட்டிக்கொண்டு, லண்டனின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு அழுதுகொண்டே கார் ஓடி வந்திருக்கிறார். கதவைத் திறந்த ஆளைக் கண்டதும் மச்சாள் அலறியபடி படியில் பின்பக்கமாகச் சரிந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். சொதிப் பாத்திரத்தை மட்டும் அவர் விடவில்லை.

பிறகு மூன்று பேரும் இருந்து அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். தன் செத்தவீட்டுச் சாப்பாட்டைத் தானே சாப்பிடுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று மனைவி சொல்ல, மச்சாள் அழுதழுது சிரித்தார். பல நாளுக்குப் பிறகு வீட்டில் சிரிப்புக் கேட்டது. அத்தோடு அவர் எழும்பிப் போயிருக்கலாம் என்று நான் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

கை கழுவி வந்து இருந்த பிறகு மச்சாள் மெதுவாகத் தொடங்கினார்.

"பிள்ளை, இனி விடு. போதும்."

"வெருட்டிறவங்களுக்குப் பயந்தோ அக்கா?"

"அவங்களை விடு. நான் எனக்காகக் கேக்கிறன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நேற்று ஒருத்தன் எழுதியிருக்கிறான், உன்னோடை அந்த லொறியிலை வேறை ஆர் ஆர் வந்தவையெண்டு தேடிப் போடப்போறானாம். என்ரை மகனுக்குத் தெரியாது. அவன்ரை வேலையிடத்திலை தெரிஞ்சால் என்னாகும்? இத்தனை வருசம் ஒளிச்சதுக்கு அவன் என்னை என்னெண்டு நினைப்பான்?"

அந்த லொறியில் என் மனைவியோடு மூட்டைகளுக்கு நடுவே இருந்தவர் மச்சாள்தான். மூச்சு முட்டி மயங்கிய இவளைத் தட்டித் தட்டி, தன்னிடமிருந்த கடைசித் தண்ணீரைப் பருக்கியவரும் அவர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சாளின் மகனைத்தான் சிறுவயதில் இவள் இடுப்பில் தூக்கித் திரிந்தாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "இப்பவாவது அவனுக்குச் சொல்லுங்கோ மச்சாள். பெருமையாய்ச் சொல்லலாம்." அவர் தலையை ஆட்டினார். "ஏலாது தம்பி," என்றார்.

மனைவி சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, "சரி அக்கா, அழாதேங்கோ," என்றாள். மச்சாள் அவளுடைய தலையைத் தடவி, நன்றி சொன்னார். மதிலில் கை ஊன்றி நின்ற கிழவர் எனக்கு ஞாபகம் வந்தார். அவளுக்கும் வந்திருக்கும்.

அடுத்த நாள் கட்சிக்கு எழுதிப் போட்டு விலகிக்கொண்டாள். சுகவீனம் காரணம் என்று அவர்கள் அறிவித்தார்கள். நாய்க்குட்டிகள் வெற்றி என்று கொண்டாடின. நான் சண்டை பிடித்தேன், கெஞ்சினேன், இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தேன். அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "உயிர் தந்த மனுசி கேட்டால் என்னெண்டு மாட்டன் எண்டுறது?" அவள் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியாது, சரி என்றும் மனம் ஒப்பவில்லை.

தேர்தல் முடிந்து இரண்டு மாதத்தால் மச்சாள் வீட்டில் ஒரு விருந்து. எல்லாரும் வந்திருந்தார்கள். ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாம் என் மனைவியைக் கட்டிப்பிடித்து, மெலிந்துவிட்டாய் என்று அன்பு காட்டினார்கள். மச்சாளின் மகன் எங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். நல்ல பிள்ளை, யாரையும் ஒரு சுடுசொல் பேசமாட்டான். சித்தியில் அவனுக்கு உயிர்.

"சித்தி, ஐ வாஸ் சோ வொரீட்," என்றான். "நீங்கள் விலகினது நல்லது. அந்த ஹோட்டல் ஆக்கள் உங்கட பிரச்சினை இல்லைதானே. அவங்களும் அம்மா மாதிரி ஒழுங்கா விசா எடுத்து வந்திருக்கலாம்."

மேசையில் இருந்த எங்கள் வயதுக்காரர் அத்தனை பேரும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்கள். மச்சாள் அகப்பையைப் பிடித்தபடி சட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். அவருடைய கண் என் மனைவியில் இருந்தது.

நாடு முழுக்கச் சேர்ந்து திட்டியபோதும் சொன்னதை மாற்ற மறுத்தவள், அவனுடைய தலையைத் தடவினாள்.

"ஓம் அப்பன்," என்றாள். "வந்திருக்கலாம்."