பொன்முடியில் ஓர் இலைக்கடியில்

ஏழாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆரியசாலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் என் மனைவி அழவில்லை. துணி மடித்தாள், சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

எனக்குப் புதர்த்தவளைகளைப் பற்றிய ஆராய்ச்சி. கட்டைவிரல் நகத்தளவே இருக்கும் மலைத்தவளைகள். மழை தொடங்கியதும் பொன்முடி மலைக்குக் கிளம்பினேன். அதுவரை ஒருமுறைகூட வராதவள், "நானும் வரேன்" என்றாள்.

மேலே மூடுபனி. எஸ்டேட் பாதையோரப் புதரில் ஓர் இலையைத் தூக்கிக் காட்டினேன். அடியில் கண்ணாடி மணிகள்போல் முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணும் காலுமாக ஒரு தவளை அசைந்தது.

"தலைப்பிரட்டையா இருக்காதா?"

"இதுக்கு அது கிடையாது. முட்டைக்குள்ளயே முழுசா வளர்ந்து வெளிய வரும்."

"அம்மா எங்க?"

"போட்டுட்டுப் போயிடும். ஈரம் காயாம இருந்தாப் போதும்."

அவள் நெடுநேரம் குனிந்தே இருந்தாள். இறங்கும்போது, "அடுத்த வாரம் பொரிஞ்சிடும்ல?" என்று கேட்டாள். பல நாட்களுக்குப் பின் அவளாகக் கேட்ட கேள்வி அது.

மறுவாரம் போனபோது பாதையோரம் மொட்டையாகக் கிடந்தது. வெட்டிப் போட்ட புதர்கள் வெயிலில் வாடியிருந்தன. கிளைகளைப் புரட்டி அந்த இலையை அவளே கண்டுபிடித்தாள். முட்டைகள் சுருங்கி இலையோடு ஒட்டியிருந்தன.

எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மாள் ஒருத்தி அருகே வந்து, "முந்தாநாள்தான் வெட்டினோம். ஏதும் தொலைச்சிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றாள் என் மனைவி.

திரும்பும் பஸ்ஸில், வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அவள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தேன். கண்டக்டர் வந்து, "எந்து பற்றி சேச்சி?" என்று, என்ன ஆயிற்று என மலையாளத்தில் மெதுவாக விசாரித்தார்.

"என்றெ குஞ்ஞு போயி" என்றாள்.

என் குழந்தை போய்விட்டது. வீட்டில் என்னிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. யாரென்றே தெரியாத ஒருவரிடம், பள்ளியில் படித்த மலையாளத்தில் சொன்னாள். அவர் அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை இருவருமே நிறுத்தவில்லை.

அதன்பின் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மழைக்காலத்தில் மலைக்கு நான் மட்டும் போகிறேன். திரும்பி வந்தால் அவள் சாப்பாடு எடுத்து வைப்பாள். என்ன பார்த்தேன் என்று கேட்கமாட்டாள்.