சுவரில் தொங்கிய சான்றிதழ்

ஞானஜோதி அக்கா கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரி. டி.பார்ம் முடித்து, பார்மசிஸ்டாகப் பதிவும் செய்தவள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றால் மாதம் பன்னிரண்டாயிரம். சான்றிதழை மட்டும் கடைச் சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தால் ஐந்தாயிரம். பஸ்ஸுக்கும், பிள்ளையைப் பார்க்கும் ஆயாவுக்கும் கொடுத்தது போகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்புறம் எந்தப் பைத்தியக்காரி போய் நிற்பாள்? சட்டத்துக்கு ஆள் வேண்டும். கடைக்காரருக்குக் காகிதம் போதும்.

மாதம் ஒரு ஞாயிறு அவர் பில் புத்தகங்களை வீட்டுக்கே அனுப்பிவிடுவார். டிவி பார்த்துக்கொண்டே வெற்றுப் பில்களில் அக்கா வரிசையாகக் கையெழுத்துப் போடுவாள்.

"கை வலிக்குதுடி. அஞ்சாயிரம் சும்மாவா தர்றான்?" என்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

போன வியாழக்கிழமை எதிர்வீட்டு ஏசி மெக்கானிக் கலீல் பாய் ஓடிவந்தார். அவர் மனைவி நூர் பீவிக்கு மூட்டுவாதம். வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் எழுதிய மாத்திரைக்குக் கடையில் இருந்தவன் கவரில் 'தினம் இரவு ஒன்று' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பத்து நாள் விழுங்கியிருக்கிறார். வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, இப்போது ஐசியுவில் கிடக்கிறார்.

"ஜோதிக்கா, நீங்க இந்தப் படிப்பு படிச்சவங்க. ஒரு கம்ப்ளைன்ட் எழ்திக் குடுங்க. இந்தக் கையெழுத்து எவன் போட்டானோ, அவன வுடக் கூடாது," என்று பில்லை நீட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து!

அவருக்கு அந்தக் கிறுக்கலில் பெயர் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்காவது தப்பிக்கலாம். திறந்தால் பதிவு போகும், போலீஸ் வரும். பேசாதே என்று அக்காவின் கையைக் கிள்ளினேன். ஆமாம், கிள்ளினேன். ஐசியுவில் ஒருத்தி கிடக்கும்போது என் புத்தி அப்படித்தான் போனது.

அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அது என் கையெழுத்து பாய்."

அவருக்குப் புரியவேயில்லை. "நான் வாங்கறப்ப நீங்க அங்க இல்லியே?"

"நான் ஒரு நாளும் அங்க இருந்ததில்ல."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்போம். பில்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க இருந்திருந்தா, வாரத்துக்கு ஒண்ணுதான்னு சொல்லியிருப்பீங்க. இல்லக்கா?"