இணுவிலிலிருந்து சாவகச்சேரிக்கு: ஒரு பசு, ஒரு கன்று, பன்னிரண்டு மைல்

ஆவணி பிறந்தும் மழை இல்லை. எங்கள் இணுவில் தோட்டக் கிணற்றில் காலையில் இறைத்தால் மாலைவரை ஊறக் காத்திருக்க வேண்டும். யுத்தத்தால் பிண்ணாக்கும் அருமையாகிவிட்டது. மூன்று போத்தல் கறந்த எங்கள் பசு சிவப்பி, பனையோலையைக் கிழித்துப் போட்டும் முக்கால் போத்தலுக்கு இறங்கிவிட்டது. விற்றுவிடலாம் என்றேன் நான். என் மனைவி பாக்கியம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவகச்சேரியில் அவளுடைய தமையனின் தென்னங்காணியில் இன்னும் புல் இருந்தது.

விடிய நாலரைக்குப் புறப்பட்டோம். அவள் கன்றோடு முன்னால், நான் பசுவோடு பின்னால். கோப்பாய்வரை மூன்று மைல். ஆறு மணிக்கே கடந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

கைதடிக்குப் போகும் வெளியில் நிழலே கிடையாது. கடல்நீரேரியைக் கண்டதும் சிவப்பி கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்கியது. உப்புநீரைக் குடித்தால் கழிந்தே செத்துப்போகும். இருவருமாக இழுத்துத் தெருவில் ஏற்றினோம். ஏறியதும் படுத்துவிட்டது. தட்டினேன், வாலை முறுக்கினேன், எழும்பவில்லை.

அந்த நேரம் சாவகச்சேரிப் பக்கம் போன வண்டில் ஒன்று நின்றது. அடியில் ஒரு வாளித் தண்ணீர் தொங்கியது. வண்டிற்காரரின் இரண்டு எருதுகளுக்கும் வழிக்கு அதுதான். பாக்கியம் நேரே கேட்டாள்.

"அண்ணை, பாதித் தண்ணி தருவியளோ? கைதடியிலை நிரப்பித் தாறம்."

அவர் தன் எருதுகளைப் பார்த்தார். "அங்கையும் கிணறு வத்தியிருந்தால்?"

"வீடு வீடாக் கேட்டெண்டாலும் வாங்கித் தாறன்."

சற்று யோசித்துவிட்டு வாளியை அவிழ்த்தார். "ஓம் பிள்ளை. கண்டை வண்டிலிலை ஏத்து. தாய் தானா எழும்பி வரும்."

தண்ணீரைக் குடித்த சிவப்பி, கன்றை வண்டிலில் ஏற்றியதும் எழும்பிப் பின்னால் நடந்தது. கைதடியில் இரண்டு வீடுகளில் இல்லை என்றார்கள். மூன்றாவது வீட்டில் பாக்கியம் தானே இறைத்து வாளியை நிரப்பிக் கொடுத்தாள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தென்னங்காணிக்குள் நுழைந்தோம்.

எட்டு நாள் பால் கூடவில்லை. பத்தாம் நாள் ஒன்றரைப் போத்தல் கறந்ததாக மைத்துனர் சொல்லியனுப்பினார்.

மாடு கொண்டுபோக நினைப்பவர்கள் மூன்று மணிக்கே புறப்படுங்கள். கைதடி வெளியை வெயிலுக்கு முன் தாண்டிவிடலாம். ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம். கன்று எப்போதும் தாயின் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து இன்னும் ஏழு பசுக்கள் புறப்படுகின்றன. எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம் என்று தெரிந்தவள் பாக்கியம்தான். அவள்தான் முன்னால் நடக்கிறாள்.