கட்டிலுக்கு என்ன விலை

அப்பா, எங்கள் நைனா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில் ஒன்று வேண்டும் என்றார்கள். புதுக் கட்டிலின் விலையை விசாரித்ததும் நான் திரும்பி வந்துவிட்டேன். தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான் வாங்கும் சம்பளத்துக்கு அது ஆகாது.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை உண்டு. எங்கள் வீட்டு பீரோவும் மிக்சியும் அங்கே வாங்கியவைதான். அப்போதெல்லாம் கடைக்காரர் பொருளை ஒரு தடவை தட்டிப் பார்த்து ஒரு விலை சொல்வார், நாம் கொஞ்சம் குறைத்துக் கேட்போம், முடிந்துவிடும். நான் கட்டிலைத் தேடிப் போனபோது கடை வேறு மாதிரி ஆகியிருந்தது. வெடித்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு அவர் சொன்ன விலையில் பஜாரில் புதுசே கிடைக்கும். ஆந்திரா நம்பர் காரில் வந்து இறங்கியவருக்கு ஒரு விலை, சைக்கிளில் வந்தவருக்கு ஒரு விலை.

கட்டில் இருந்தது. நாலாயிரம் என்றார். வீட்டில் கேட்டுக்கொண்டு மறுநாள் காலையில் போனேன். ஆறாயிரம் என்றார்.

"நேத்து நாலுதான சொன்னீங்க, அண்ணா?"

"அது நேத்தும்மா. அப்புறம் ஃபோன்ல பாத்தேன். மெட்ராஸ்ல எட்டாயிரத்துக்குப் போய்கினு கீது. நா இன்னா பண்ணட்டும்?"

நைனா வீட்டில் தரையில் பாயில் படுத்திருந்தார். இறங்கி, கெஞ்சி, ஐந்தரைக்கு வாங்கினேன். வண்டியில் ஏற்றும்போது எனக்கு அழுகை வந்தது. பணத்துக்காக இல்லை. என் அவசரம் என் முகத்தில் தெரிந்துவிட்டதே என்றுதான்.

ஆனால் கட்டில் நன்றாக உழைத்தது. நைனா அதில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பிறகு காலைத் தொங்கப்போட்டார். பிறகு என் தோளைப் பிடித்து நின்றார். மலைக்கோயிலுக்கு வேன் ஓட்டியே பழகிய மனிதர், ஒரு நாள் தானாக வாசல்வரை நடந்து போய், தெருவில் போகிற வேன்களைக் குறை சொன்னார். அன்று சாயங்காலமே, "இத்த மொதல்ல வெளிய தள்ளு. பாத்தாலே இடுப்பு நோவுது" என்றார்.

விற்கலாம் என்று அதே கடைக்குப் போனேன். "ஆயிரத்தைந்நூறு தரேன். துரு புடிச்சிருக்கும்" என்றார் கடைக்காரர், கட்டிலைப் பார்க்காமலே.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் உள்ளே வந்தாள். பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மூலையில் நின்ற இன்னொரு கட்டிலைக் காட்டி விலை கேட்டாள். ஏழாயிரம் என்றார்.

"போன வாரம் அஞ்சுன்னு சொன்னீங்களேண்ணா. வூட்டுக்காரரு வண்டியிலர்ந்து வுழுந்து முதுகுல அடிபட்டு எழும்ப முடியாம கெடக்குறாரு."

அன்றைக்கு இதே கடையில் நான் கெஞ்சிய அதே குரல். அவளை வெளியே டீக்கடைப் பக்கம் கூப்பிட்டுப் போனேன்.

"எங்க வூட்ல ஒண்ணு சும்மா கீதுக்கா. வந்து பாருங்க."

"எவ்ளோம்மா?"

நான் கொடுத்தது ஒன்று, கடைக்காரர் தருவதாகச் சொன்னது ஒன்று, அதையே அவர் விற்கப்போவது இன்னொன்று. இதில் எந்த விலையைச் சொன்னாலும் என் வாய் கூசும்போல் இருந்தது.

"வெலைல்லாம் வேணாம். அவரு எழுந்து நடந்ததும், வேற யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுத்துடுங்க. விக்க மட்டும் விக்காதீங்க."

அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிலைத் தொட்டுப் பார்த்த பிறகும் நம்பவில்லை. நைனா என்னைத் தனியாக அழைத்து, "சும்மாவா குடுக்கற?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போனார். "கைப்பிடிய மெல்ல சுத்தணும்மா. வேகமா சுத்துனா தூக்கிப்போடும். எனக்குத் தெரியும்."

விஷயம் கடைக்காரர் காதுக்குப் போனது. "என் கஸ்டமரையே இட்டுகினு போயிட்டியேம்மா" என்று ரோட்டில் நிறுத்திக் கேட்டார். சில மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவரே ஜெராக்ஸ் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"ஒரு வீல்சேர் வந்து கீது. உன்னாண்ட யார்னா கேட்டா அனுப்பு. நா வாங்குன வெலைக்கு மேல ஐந்நூறு. யார் வந்தாலும் அதே வெலைதான்."

"இன்னாண்ணா திடீர்னு?"

"வெலைய ஏத்தி ஏத்தி, கடைல நடக்க எடமில்ல. வரவன்லாம் கேட்டுட்டு போறான், எவனும் வாங்கல. மத்ததுன்னா கெடந்துட்டுப் போவுது. நோயாளி சாமான் சும்மா கெடந்தா மனசுக்கு ஒரு மாரியா கீது."

சொன்னபடியே செய்தார். அந்த வீல்சேர் அதே வாரம் போனது. மற்ற சாமான்களில் அவர் மாறவில்லை. போன மாதம் ஒரு டேபிள் ஃபேனுக்கு என்னிடமே இரண்டு நாளில் இரண்டு விலை சொன்னார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

பள்ளிப்பட்டுக்காரர் இப்போது கோல் ஊன்றிக் கழனிக்குப் போகிறாராம். கட்டில் பொதட்டூர்பேட்டைக்கு மாறி, ஒரு நெசவாளர் வீட்டில் தறிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அந்த வீட்டு அம்மா நேற்று ஃபோன் செய்தார். அவர் மாமியார் நடக்க ஆரம்பித்துவிட்டார், அடுத்து யாருக்கு என்று கேட்டார். ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து ஒருவர் தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கட்டிலை அங்கே கொண்டுபோக ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லியிருக்கிறேன். நைனா தானும் கூட வருவேன் என்கிறார், டிரைவருக்கு வழி தெரியாதாம்.