நெருப்புக்குள்ளே தண்ணீர்

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாருக்கும் புரியாதபடி விளக்குவதுதான் என் பிழைப்பு. கொல்லிமலை ஊர்களில் தீத்தடுப்பு வகுப்பு எடுக்கிறேன். அடிவாரத்திலிருந்து தீயணைப்பு வண்டி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் ஒரு மிளகுத் தோட்டமே சாம்பலாகிவிடும். அதனால் ஊர்க்காரர்களே அணைத்தாக வேண்டும், அணைக்க வேண்டுமானால் நெருப்பு எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது என்னை அனுப்பியவர்களின் எண்ணம். நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பிழைக்கும் சக பாவிகளே, நான் பட்ட பாடு உங்களுக்காவது புரியும்.

பூசை போட்ட நெருப்பு

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அப்படித் தேவனூர் நாட்டில் ஓர் ஊர். இரும்புத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, ஈரச் சாக்கால் மூடிக் காட்டுவதாகத் திட்டம். காற்று போகாவிட்டால் நெருப்பு செத்துவிடும், அவ்வளவுதான் பாடம். நான் டீசலை ஊற்றிவிட்டுத் தீக்குச்சியை எடுப்பதற்குள் ஊர்க்கவுண்டர் தட்டில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்துத் தானே கொளுத்திவிட்டார். குப்பென்று பிடித்துக்கொண்டது. கூட்டம் மொத்தமும் எழுந்து கும்பிட்டது. யாரோ தேங்காய்கூட உடைத்தார்கள்.

ஈரச் சாக்கோடு நெருங்கிய என் கையைக் கவுண்டர் பிடித்துக்கொண்டார். பூசை போட்ட நெருப்பை மூடக்கூடாதாம். டீசல் தீரும்வரை அத்தனை பேரும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தட்டு காலியானதும் சமாளித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, எரிபொருள் தீர்ந்தால் நெருப்பும் தீர்ந்தது" என்றேன். கவுண்டர் ரொம்ப நிம்மதியாகச் சொன்னார்:

"சும்மா உக்காந்திருந்தாவே அணைஞ்சு போகுமுன்னா, நீங்க எதுக்குங்க இத்தன தூரம் வந்தீங்க?"

பாவப்பட்ட நெருப்பு

ஆலத்தூர் நாட்டில் உஷாராகிவிட்டேன். சூடம் வைத்திருப்பவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு ஆரம்பித்தேன். நெருப்பு என்பது ஒரு பொருளே இல்லை, நடக்கிற ஒரு காரியம். சூட்டில் விறகிலிருந்து ஆவி கிளம்புகிறது, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது, சேரும்போது வெப்பமும் வெளிச்சமும் வருகின்றன. மஞ்சளாகத் தெரிகிற சுடர், சூட்டில் ஒளிர்கிற கரித்துகள். அதற்கே டீக்கடைக்காரர் ஒருவர், இத்தனை நாளும் கரியையா கும்பிட்டோம் என்று முகம் வாடிவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? குளிர்ந்த எவர்சில்வர் தட்டை ஸ்பிரிட் விளக்கின் மேல் ஒரு நொடி காட்டி எடுத்தேன். தட்டில் ஈரம் பூத்திருந்தது. எரியும்போது நீராவியும் உண்டாகிறது என்றேன் பெருமையாக. பழனிசாமி என்ற மரவள்ளி விவசாயி எழுந்து, நெருப்புக்குள்ளேயே தண்ணீர் இருந்தால் அது ஏன் தானாக அணையவில்லை என்று கேட்டார். அது சூடான ஆவி, மேலே போய்விடும் என்று அரைமணி நேரம் தொண்டை வற்றக் கத்தினேன். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உச்சுக்கொட்டினார்:

"தண்ணிய வெளிய உட்டுப்போட்டு அது பாட்டுக்கு வெந்துட்டு இருக்குதுங்க. பாவம்!"

மூன்றில் எது?

வாழவந்தி நாட்டு வகுப்பில் பாவாயி முன்வரிசையில் இருந்தார். பக்கத்திலேயே அவர் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடிகள். மகளைக் காலேஜில் சேர்க்க அந்த மிளகைத்தான் நம்பியிருந்தார். எரிபொருள், காற்று, சூடு, இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் நெருப்பு இல்லை என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கீழ்ச்சரிவில் யாரோ களைக்கு வைத்த தீ காய்ந்த புல்லில் பிடித்து அவர் தோட்டத்தை நோக்கி ஏறி வந்தது.

ஓடினேன். தீயணைப்புப் பொடி நிரப்பிய சிவப்பு சிலிண்டரின் பின்னைப் பிடுங்கி வீரமாக அழுத்தினேன். எதிர்க்காற்று. பொடி மொத்தமும் என்மேலேயே அடித்து, விபூதி அபிஷேகம் ஆன கோலத்தில் "தண்ணி! தண்ணி!" என்று அலறினேன். பாவாயி என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "மூணுல எதைங்க எடுக்கோணும்?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மறந்துவிட்டது.

அவர் ஒரு கணம் தோட்டத்தைப் பார்த்தார். அரிவாளை எடுத்து, ஓரத்து வரிசைக் கொடிகளைக் காயோடு அறுத்து உள்ளே இழுத்துப் போட்டார். மற்றவர்கள் சருகைக் கூட்டித் தள்ளி வெறும் மண்ணாக்கினார்கள். ஆண்கள் பச்சைத் தழையால் தீயை அடித்தார்கள். மண்ணுக்கு வந்த தீ, மேலே போக வழியில்லாமல் படுத்துவிட்டது. உள்வரிசைகள் தப்பின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தொழில் புத்தி போகுமா? பொடி அப்பிய வாயைத் துடைத்துக்கொண்டு, "சரியாகச் செய்தீர்கள் அம்மா, நீங்கள் எடுத்தது எரிபொருள்" என்றேன். அறுத்த கொடியிலிருந்த பச்சைக் காய்களைத் தடவியபடி அவர் சொன்னார்:

"அது எரிபொருளு இல்லீங்க சாமி, எம் பொண்ணோட மொத வருசக் காலேஜுங்க."

இப்போதும் வகுப்பு எடுக்கிறேன், எரிபொருள் என்று சொல்லும் இடத்தில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன், முன்வரிசைக்காரர்கள் புகை பட்டுவிட்டது என்று நினைத்துத் தள்ளி உட்காருகிறார்கள்.