பின்சீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை

வண்டி என் காசில் வாங்கியது. தேடிப் பிடித்து, ஓட்டிப் பார்த்து, இதுதான் என்று சொன்னது அவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு கோர்ட்டில் என்னைப் பற்றிக் கேட்டபோது, "தெரிஞ்சவருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆலங்காயம் மாட்டாஸ்பத்திரியில் எனக்குக் கம்பவுண்டர் வேலை. வாரத்தில் நாலு நாள் ஜவ்வாது மலை ஊர்களுக்குப் போய் மாடுகளுக்கு ஊசி போட வேண்டும். நெல்லிவாசல் பக்கம் பஸ் எப்போது வரும் என்பது பஸ் டிரைவருக்கே தெரியாது. மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். மொபெட் வாங்கு என்றார்கள் எல்லோரும். எனக்கோ வேக வண்டிமேல் பைத்தியம். ரெட்டை சைலன்சர், கிக்கரை மடக்கினால் அதுவே கியராக மாறும், ரேஸ்காரர்கள் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள். புதிதாக வாங்க வக்கில்லை. பழையதுதான்.

அவன் என் கூட்டாளி. வாணியம்பாடியில் பழைய வண்டி புரோக்கர்களோடு சுற்றுகிறவன். உறவு எதுவும் இல்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எனக்காக மூன்று மாதம் அலைந்தான், அதை மறுக்கமாட்டேன். சைலன்சருக்குள் விரலை விட்டுப் பார்ப்பான். புகையை மோந்து பார்ப்பான். "இன்ஜினைப் பிரிச்ச வண்டி மச்சான், வாணாம்" என்று நடையைக் கட்டுவான். கடைசியில் ஒரு கறுப்பு வண்டி வந்தது. என்னைப் பின்னால் உட்காரவைத்து மலைப்பாதையில் ஏற்றினான். கொண்டை ஊசி வளைவுகளில் ரெண்டாவது கியரிலேயே முக்காமல் முனகாமல் ஏறியது. "ராஜா மாதிரி கீது, எடுத்துடு" என்றான். எடுத்துவிட்டேன்.

அவனுக்கு லைசென்ஸ் மட்டும் கிடையாது. எடுடா என்றால், "என்னை யாரு புடிக்கப் போறான்" என்பான்.

இன்சூரன்ஸ் போடவும் கூடவே வந்தான். குறைந்த செலவில் எது உண்டோ அதைப் போடுங்கள் என்றேன். ஏஜென்ட் பொறுமைசாலி. "பின்னாடி உக்கார்றவருக்கும் சேத்துப் போட்டுடலாங்க. கொஞ்சம்தான் கூட ஆவும்" என்றார். நான் யோசித்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"பின்னாடி யாரு உக்காரப் போறது, நான்தானே? எனக்கு எதுக்குய்யா இன்சூரன்ஸு? நீதான் கீறியே!"

மூன்று பேரும் சிரித்தோம். மிச்சமான காசில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.

ஒரு வருஷம் அந்த வண்டி எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை என்ன சொல்ல! சத்தம் கேட்டதுமே மலைக்காரர்கள் மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வண்டியை நான் துடைத்த துடைப்பில் பெயிண்டே போயிருக்கும்.

எங்கள் பக்கம் இறக்கத்தில் யாரும் இன்ஜினை ஓடவிடமாட்டார்கள். மேலே சாவியைத் திருப்பி அணைத்து, நியூட்ரலில் விட்டுவிட்டால் அடிவாரம் வரை சொட்டுப் பெட்ரோல் ஆகாது. பிரேக் சூடேறினால் பிடிக்காது என்று தெரிந்தேதான் எல்லோரும் செய்வோம். அன்றைக்கு ஜமுனாமரத்தூரில் வேலை முடித்துத் திரும்பும்போது, "குடு மச்சான், நான் ஓட்றேன்" என்றான். கொடுத்தேன். இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினான். ஒரு வளைவில் பாட்டு நின்றது. "பிரேக் புடிக்கலடா!" என்றான். நான் புதரில் போய் விழுந்தேன். வண்டி அவன் காலின்மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தான். முகமெல்லாம் வியர்வை.

"நான் ஓட்னேன்னு சொல்லிடாத மச்சான். லைசென்ஸ் இல்ல, உள்ள தூக்கிப் போட்ருவான். உன் கால்ல விழறேன்."

அந்தக் காலை வைத்துக்கொண்டு என் காலில் விழுகிறேன் என்கிறான். மனசு கேட்குமா? நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். அபராதமும் கட்டினேன்.

கட்டுப் பிரித்து அவன் நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி, பின்னால் உட்கார்ந்திருந்தவரின் காலை ஒடித்த குற்றத்துக்கு நான் நஷ்ட ஈடு தர வேண்டுமாம். கேட்டிருப்பவன் அவன். அடப்பாவி! கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவனுடையதுதான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"வக்கீலு போடச் சொன்னாரு மச்சான்" என்றான். "இன்சூரன்ஸ்காரன்தானே குடுக்கப் போறான். உனக்கு இன்னா நஷ்டம்?"

"பின்சீட்டுக்கு ஏதுடா இன்சூரன்ஸு? நீதானே வாணான்ன!"

அவன் குனிந்து ஒடிந்த காலைத் தடவிக்கொண்டான். மறந்தே போயிருந்தானோ என்னவோ. நான் காத்திருந்தேன். சரி, வாபஸ் வாங்கிட்றேன் என்று சொல்வான் என்றுதான் அப்போதும் நினைத்தேன், மடையன்.

"காலு போச்சு எனக்கு" என்றான். "வேற யார்கிட்ட போயி கேப்பேன்?"

எனக்கு வாய்த்த வக்கீல் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "நீங்க ஓட்லன்னு இப்ப சொன்னா, போலீஸ்ல பொய் சொன்னவர் ஆயிடுவீங்க. கவர்மென்ட் வேலை காலி. ஓட்னேன்னு சொன்னா வண்டிய வித்துக் கட்டணும். யோசிச்சுக்கங்க" என்றார். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? வேலையா வண்டியா என்றால் வீட்டில் உலை வைப்பது வேலைதான்.

திருப்பத்தூர் கோர்ட்டில் கூண்டேறியதும், வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டார்கள். அவனைப் பார்த்தேன். அவன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தாங்க" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னேன்.

தீர்ப்பு அவன் பக்கம். அதே மாதத்தில் வண்டியை விற்றேன். வாங்கியவன் அதைக் கிளப்பிக்கொண்டு போனபோது வாசலுக்கு வரக்கூடப் பிடிக்காமல் உள்ளேயே இருந்துவிட்டேன்.

பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு வெளியே வந்தால், ஆலங்காயம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஒரே கூட்டம். ஜன்னலோரம் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்தான்.

"வா மச்சான், உனக்குத்தான் சீட்டு புடிச்சி வெச்சேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் ரெண்டு அறை விட்டிருப்பேன். ஆனால் அவன் அன்பாகத்தான் சொன்னான். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆலங்காயம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன்.