ஓடை நடுவே ஒரு நாட்டுக் கூட்டம்

கண்ணுகளா, உங்கள் அத்தையைத் தலை நரைத்த பிறகுதான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதை. என் அக்காவான அவளைத் திருப்புலி நாட்டில் கட்டிக்கொடுத்த மறு வருசமே, மாடு மேய்க்கும் காட்டுக்காக அந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் தகராறு வந்துவிட்டது. மலையில் பல ஊர்கள் சேர்ந்ததுதான் ஒரு நாடு. இரண்டு நாட்டுக்குள் பேச்சு நின்றால் பெண் கொடுத்த வீடுகளுக்கும் போக்குவரத்து நின்றுவிடும். அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததே, அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து உப்பு சுமந்து வரும் வியாபாரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிள்ளை யார் ஜாடை என்று அம்மா அவரை விடாமல் கேட்டாள். பாவம், அவர் பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

அக்காவைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு நாடும் கூடிப் பேசியாக வேண்டும். வேறு வழியில்லாமல் கூட்டம் கூட்ட நானே அலைந்தேன்.

"அவுங்க மண்ணுல நான் போயி உக்கார மாட்டேன். வேணும்னா இங்க வரச் சொல்லு" என்றார் எங்கள் நாட்டுப் பெரியவர். அதை வியாபாரி கொண்டுபோனார். "அவுங்க பந்தல்ல எங்களுக்கு என்ன வேல?" என்ற பதிலோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, உப்பு மூட்டகூட இத்தன கனம் கனக்கலீங்க" என்றார் என்னிடம்.

கடைசியில் எல்லை ஓடையில் கூடுவது, அவரவர் கரையில் அவரவர் உட்காருவது, மேய்ச்சல் காட்டைத் தவிர வேறு பேச்சு எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. யார் முதலில் வருவது, யார் முதலில் பேசுவது, எல்லாம் யோசித்தோம். மழையை யோசிக்கவில்லை. முந்தின நாள் மேலே நல்ல மழை. ஓடை போட்ட இரைச்சலில் எதிர்க்கரையில் வாய் அசைவது தெரிந்ததே தவிர ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்னப்பா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார் பெரியவர்.

"கைய ஆட்டறாங்க. வையறாங்களா கும்புடறாங்களான்னு தெரியலீங்க."

ஓடை நடுவே ஒரு பாறை உண்டு. அங்கே ஒரு ஆள் நின்றால் இரண்டு கரைக்கும் சொல்லலாம். வியாபாரியைக் கேட்டார்கள். "ஒரு சொல்லு மாறிப்போனா ரெண்டு நாட்டுலயும் எங்கிட்ட உப்பு வாங்க மாட்டீங்க. ஆள உடுங்க சாமி" என்று நழுவிவிட்டார்.

எதிர்க்கரையில் சோறாக்க வந்த பெண்களுக்கு நடுவில் அக்கா நின்றாள். இங்கே பிறந்தவள், அங்கே வாழ்கிறவள். எதிர்க்கரைக்காரர்கள் அவளைக் கை காட்டினார்கள். எங்கள் பெரியவரும் தலையசைத்தார். பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்கு வந்தாள். நான் எங்கள் கரையில் தண்ணீர் ஓரமாகப் போய் நின்றேன்.

"கெழக்குச் சரிவு அவுங்களுக்கு வேணுமாங்க" என்று உரக்கச் சொன்னாள். உடனே குனிந்து, "அம்மா எப்படிடா இருக்குது?"

"உன்னயத்தான் கேட்டுட்டே இருக்குது. ஏன் இப்படி எளச்சிட்ட?"

"அங்க என்ன ஊட்டுப் பேச்சு? காட்டப் பேசுங்க" என்று எனக்குப் பின்னாலிருந்து அதட்டல் வந்தது. அவள் நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படியே பகல் முழுவதும். அத்தனை பக்கத்தில் நின்றாள். ஆனால் அவள் வாயில் வந்ததெல்லாம் ஊரார் பேச்சு.

வெயில் தாழ்வதற்குள் காட்டு விசயம் தீர்ந்தது. மழைக்காலத்தில் நாங்கள் மேய்ப்பது, கோடையில் அவர்கள். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அக்கா மட்டும் பாறையை விட்டு இறங்கவில்லை.

"மாட்டுக்கு வழி சொல்லிட்டீங்க. நான் எப்பங்க எங்கம்மா ஊட்டுக்கு வாரது?"

பெரியவர் கெட்டவர் இல்லை. அவர் மகளும் அந்த நாட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எதிர்க்கரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது இந்தக் கூட்டத்துப் பேச்சு இல்ல சாமி. அதுக்கு இன்னொரு கூட்டம் போடோணும்."

அந்தப் பதிலை எதிர்க்கரைக்குச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். திரும்பி நின்று, அவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். சொன்னபோது அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.